ஹனோயா, சைகோனா?

வியட்நாம் என்று முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். விசா வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிவிடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரைக்கும் இ-விசா தருகிறார்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். ஆனால் அந்த விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி வரும்: எந்த ஊரில் இறங்கப் போகிறீர்கள்? வடக்கே ஹனோய், தெற்கே சைகோன். ரயில் பாதையில் அளந்தால் நடுவில் 1,726 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் அந்த ஒரு கட்டத்தை நிரப்ப ஒரு மாதம் பிடித்தது.

சைகோனுக்கு 1976 முதல் அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டையும் பார்த்துட்டு வந்துடலாமே" என்று சொல்லாத ஆளே இல்லை. அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம்தான் கிடைக்கும். விமானம் என்னவோ இரண்டு மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்து, நெரிசலில் விமான நிலையம் போய், இரண்டு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, இறங்கி, பெட்டி எடுத்து, புது ஊரில் புது அறைக்குள் நுழையும்போது ஒரு முழுப் பகல் போயிருக்கும். எங்களோடு அத்தையும் வருகிறார். எழுபதைத் தாண்டியவர், புது இடத்தில் முதல் ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு ஊர் என்றால் இரண்டு முதல் ராத்திரி. அதையெல்லாம் விட, ஒரு ஊர் பிடிபடவே இரண்டு நாள் ஆகும், பிடிபட்டதும் கிளம்ப வேண்டும் என்றால் எதற்குப் போவது? ஒரு வாரத்துக்கு ஒரு ஊர் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எது என்பதில்தான் வழக்கு.

என் கணவர் சைகோன் கட்சி. அவர் பக்கத்தில் நியாயம் நிறைய இருந்தது. திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் 2023 நவம்பரில் தொடங்கியது. எங்களுக்கு ஆட்டோவில் போய் ஏறுகிற தூரம். ஹனோய் என்றால் எங்காவது மாறித்தான் போக வேண்டும். அடுத்து, அவருக்குப் போர் வரலாற்றில் தீராத ஈடுபாடு. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கி கதவை இடித்துக்கொண்டு நுழைந்த சுதந்திர மாளிகை, அன்றைய தென் வியட்நாம் அதிபரின் மாளிகை, அங்கேதான் இருக்கிறது. ஙோ வியெட் தூ என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1966-இல் கட்டி முடித்த மாளிகை. மேலே விருந்து மண்டபங்கள். நிலவறையில் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே வரைபட அறையும் வானொலிக் கருவிகளும் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் போர் எச்சங்கள் அருங்காட்சியகம். ஊருக்கு வெளியே கூ சி சுரங்கங்கள், 200 கிலோமீட்டருக்கு மேல் மண்ணுக்குள் தோண்டிய பாதைகள். "இதையெல்லாம் புத்தகத்துல எத்தனை நாள் படிக்கிறது, கண்ணால பார்க்க வேண்டாமா" என்றார்.

தமிழர்களுக்கென்று பார்த்தாலும் சைகோன் பக்கம்தான் தராசு சாயும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டிக்கடை வைத்தார்கள். மேக்கோங் கழிமுகத்தின் நெல் விவசாயத்துக்குள் அவர்கள் பணம் ஓடியது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள் வேறு வகை. 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுக்கொடுத்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் போனவர்கள் அவர்களில் பலர். அந்தத் தகுதியோடு சைகோனில் சுங்கத்திலும் காவலிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துருவோங் தின் தெருவில் இன்றும் இருக்கிறது. 1975-க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், கோயில் ஓயவில்லை. வியட்நாமியர்களும் சீனர்களும் வந்து ஊதுபத்தி ஏற்றி, கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைக் கல்லிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைப் படித்துச் சொன்னதும் அத்தையே ஒரு வாரம் சைகோன் கட்சிக்குப் போய்விட்டார்.

நான் ஹனோய் என்றேன். கேட்டவர்களெல்லாம் உடனே "ஹா லாங் விரிகுடாவுக்கா?" என்றார்கள். இல்லை. ஹா லாங் அழகுதான், 1994-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து நாலு மணி நேரம் படகில் சுற்றும் ஒருநாள் சுற்றுலாவுக்கு நான் ஒப்பவில்லை. அங்கே ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டோம். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பழைய ஊர். 1010-இல் லீ தாய் தோ மன்னர் தலைநகரை அங்கே கொண்டுவந்ததிலிருந்து, நடுவில் சில இடைவெளிகள் போக, அந்த ஊர் தலைமை தாங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் பழைய குடியிருப்பில் தொழிலுக்கொரு தெரு: வெள்ளிக்கு ஹாங் பாக், பட்டுக்கு ஹாங் காய், காகிதப் பொருளுக்கு ஹாங் மா. ஆயிரம் ஆண்டுப் பேச்சையெல்லாம் விடுங்கள். இன்னும் கடை போட்டுப் பிழைக்கிற தெருக்கள் அவை.

பட்டியல் போட்டுப் பார்த்தோம். இங்கே ஆறு இடம், அங்கே ஆறு இடம், அது எதையும் தீர்க்கவில்லை. எந்தப் பெரிய ஊருக்கும் பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு பட்டியல் தேறும். பட்டியலில் உள்ள இடத்தில் நாம் ஒரு மணி நேரம் இருப்போம். மீதிப் பொழுது? விடியற்காலை, வெயில் ஏறுகிற பதினோரு மணி, சாப்பிட்டபின் சாய்கிற மதியம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரம், இவைதான் பயணத்தில் பெரும்பகுதி. அந்த நேரங்களை எந்த ஊர் நமக்கு நல்லபடியாகக் கொடுக்கும் என்று பார்க்கத் தொடங்கியதும் விடை தானாக வந்தது.

அத்தை நாலரைக்கு எழுந்துவிடுவார். எழுந்ததும் நடக்க வேண்டும், அதுவும் ரோட்டைக் கடக்காமல். சைகோனில் டிசம்பர் மாதப் பகல் 31, 32 டிகிரி போகும். திருச்சி ஆட்களுக்கு அது பெரிதில்லை, ஆனால் பதினொன்றிலிருந்து நாலு வரை ஏ.சி.க்குள் பதுங்க நேரும். சைகோன் உண்மையில் ராத்திரி ஊர். ஙுயென் ஹுவே நடைவீதியில் கூட்டம் சேர்வதே பொழுது சாய்ந்த பிறகு. ஹனோயில் அதே டிசம்பரில் பகலில் 20 டிகிரி, இரவில் 15. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெளியிலேயே இருக்கலாம். ஏரி, பழைய தெருக்கள், பொம்மலாட்ட அரங்கம், கோயில், காப்பிக்கடை எல்லாம் ஒரு அறையிலிருந்து காலால் போகிற தூரம். விண்ணப்பத்தில் ஹனோய் என்று நிரப்பினோம். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "சரி, ஆனா ஒரு நாள் என் நாள்" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஹோன் கியேம் ஏரிக்கு அரைக் கிலோமீட்டர் உள்ளே, ஒரு சந்தில் அறை. முதல் விடியற்காலை ஐந்தரைக்கு அத்தையும் நானும் ஏரிக்கரைக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் பாதி ஊர் அங்கே இருந்தது. ஒரு பக்கம் விசிறியை விரித்து மடக்கி உடற்பயிற்சி செய்யும் பாட்டிகள். இன்னொரு பக்கம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஜோடி ஜோடியாக ஆடும் நடுவயதுக்காரர்கள். ஒரு வட்டத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த வட்டத்தில் கடைசியாக நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, அத்தையைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அத்தை புடவை, ஸ்வெட்டர், அதன் மேல் மஃப்ளர். போய் நின்றார். பின்னால் நின்றவர் இவர் தோளை அமுக்க, இவர் முன்னால் நின்றவர் தோளை அமுக்க, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் கால் மணி நேரம் போனது. அடுத்த நாளிலிருந்து அவர் என்னை எழுப்பவே இல்லை, தனியாகப் போய் வந்தார். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது, ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

அந்த ஏரியில் ஓர் ஆமைக் கதை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் சீன மிங் படையை விரட்டிய லே லோய் மன்னரிடமிருந்து தெய்வ வாளை ஒரு பொன்னாமை திரும்ப வாங்கிக்கொண்டது என்பார்கள். கதை சொல்கிற ஊரில் நிஜ ஆமையும் இருந்தது, பிரம்மாண்டமான நன்னீர் ஆமை. 2016 ஜனவரியில் செத்துப்போனது. பதப்படுத்திய உடலை ஏரிக்குள் ஒரு தீவிலுள்ள ஙோக் சோன் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சிவப்பு மரப்பாலம் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

ஹாங் மா தெருவுக்கு நாங்கள் திரும்பத் திரும்பப் போனோம். டிசம்பர் என்பதால் கடை வாசல் முழுக்க கிறிஸ்துமஸ் தொப்பியும் நட்சத்திரமும் மினுக்கின. அதற்குப் பின்னால், உள் அலமாரிகளில், இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பொருட்கள். காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, கட்டுக்கட்டாகக் காகித டாலர், கண்ணாடியும் கைப்பிடியும் வைத்த காகித ஸ்கூட்டர், சார்ஜரோடு காகித போன். எதற்கு என்று அத்தை கேட்டார், சொன்னேன். அந்த ஸ்கூட்டரைக் கையில் எடுத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், அது சுற்றியது. "உங்க மாமா கடைசி வரைக்கும் சைக்கிள்தான்" என்றார். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வீட்டிலிருந்து போனவருக்கு அந்தக் கடையில் எதுவும் அந்நியமாக இல்லை. மறுபடியும் வந்து அந்த ஸ்கூட்டரை வாங்கினார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

மா மாய் தெருவில் 87-ஆம் எண் வீட்டைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வணிகர் வீடு. தெருப்பக்கம் ஒரு கடை அகலம்தான், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் கடை, பிறகு முற்றம், அறை, மறுபடி முற்றம், கடைசியில் அடுப்படி. எல்லாரும் மாடிப்படியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அத்தை முற்றத்து ஓரத்தில் குனிந்து "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று வடிகால் தேடினார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சைவக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அங்கே காய்கறி மட்டும்தான் என்று சொல்லித் தரும் தட்டிலும் நுவாக் மாம் என்கிற மீன் சாறு இருக்கும். கேட்க வேண்டிய சொல் 'சாய்'. பௌத்தச் சைவ உணவுக்கு அதுதான் பெயர். பலகையில் அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமி நாளும் அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் சாய் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. தக்காளியில் வேகவைத்த டோஃபு, வள்ளைக்கீரை, சோறு என்று அத்தைக்குப் பிடித்துப்போனது. ஒரே ஒரு சங்கடம், சோயாவில் இறால் மாதிரியே ஆரஞ்சுக் கோடு போட்டுச் செய்து வைக்கிறார்கள். சைவம்தான் என்று எத்தனை சொல்லியும் அதை அவர் தட்டில் வைக்க விடவில்லை. நானும் கணவரும் கரி அடுப்பில் சுட்ட பன்றிக்கறியோடு வரும் புன் சா என்கிற அரிசி நூடுல்ஸை விடாமல் சாப்பிட்டோம். ஃபோ என்பது அரிசி நூடுல்ஸ் சூப். ஹனோய் ஃபோவில் தெளிந்த சாறு, வெங்காயத்தாள், கறி, அவ்வளவுதான். தெற்கே அதோடு ஒரு தட்டு நிறைய இலையும் முளைகட்டிய பயறும் இனிப்புச் சாந்தும் வரும். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு கிண்ணத்தில் பார்க்கலாம்: வடக்கு அடக்கமாகக் கொடுக்கும், தெற்கு அள்ளிக் கொடுக்கும். அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

வான் மியூ என்கிற இலக்கியக் கோயிலுக்கு ஒரு காலை. 1070-இல் கன்ஃபூசியஸுக்காகக் கட்டியது. அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகள் ஆமை முதுகில் நிற்கின்றன. தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் வந்து ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்ந்துபோனதால் இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

கணவரின் நாள் வந்தது. அவர் எங்களை அழைத்துப் போன இடம் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் நான் பார்க்காதது. ஙோக் ஹா பகுதியில் ஸ்கூட்டர் மட்டும் போகக்கூடிய சந்துகள். திரும்பித் திரும்பிப் போனால், நாலு பக்கமும் வீடு சூழ்ந்த ஒரு சின்னக் குளம், பெயர் ஹூ தியெப். குளத்து நடுவில் பாசி பிடித்த தண்ணீரிலிருந்து முறுக்கிய இரும்பும் விமானச் சக்கரமும் நீட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானத்தின் மிச்சம். 1972 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிப் பன்னிரண்டு நாள் நடந்த குண்டுவீச்சின்போது, 27-ஆம் தேதி இரவு சுட்டு வீழ்த்தியது. எடுத்துப் போகாமல் விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றிக் கரையில் துணி காய்கிறது, ஒருவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். என் கணவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நாங்கள் போனதும் அதே டிசம்பர் கடைசி வாரம்தான்.

சாயங்காலம் லாங் பியன் பாலம். பிரெஞ்சுக்காரர்கள் 1902-இல் கட்டி முடித்தது, நடுவில் ரயில், இருபுறமும் ஸ்கூட்டரும் நடப்பவர்களும். நாடு முழுக்க வலப்பக்கம் போகிற வண்டிகள் இந்தப் பாலத்தில் நம் ஊர் போல இடப்பக்கம் போகின்றன. 1967-இலும் 1972-இலும் குண்டு விழுந்து மறுபடி மறுபடி ஒட்டுப் போட்ட பாலம். முதலில் கட்டிய வளைவு இரும்புச் சட்டங்கள் சில இடத்தில் உயர்ந்து நிற்கும், பெயர்ந்த இடங்களில் தட்டையான மாற்றுப் பாலம் ஓடும். எது பிழைத்தது, எது விழுந்தது என்று கரையில் நின்றே எண்ணலாம். "முதல்ல இங்க வந்தது நல்லதுதான்" என்று அவர் சொன்னார். "அந்த மாளிகைக் கதவை இடிச்ச டாங்கி இந்தப் பக்கத்துலேர்ந்து புறப்பட்டதுதானே." அவருடைய சைகோனுக்கான முதல் அத்தியாயம் ஹனோயில் கிடைத்தது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஹனோய் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் அங்கே தூறல் விடாது. ஈரம் ஏறித் தரையும் சுவரும் வியர்க்கும், துவைத்த துணி காயாது. குளிர்காலத்தில் காற்றில் புகை அதிகம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு ஹனோயின் மே, ஜூன் மாதப் புழுக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சைகோனில் அப்போது மழைக்காலம் தொடங்கியிருக்கும் என்றாலும் அது பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டிவிட்டு விட்டுவிடும் மழை. இருபது வயதுப் பிள்ளைகளோடு போகிறீர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தெருவில் இருக்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சைகோன். எந்த ஊரானாலும் டெட் என்கிற சந்திரப் புத்தாண்டு வாரத்தில் போகாதீர்கள். ஜனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு நாளில் வரும். குடும்பக் கடைகள் பலவும் சாத்தியிருக்கும், டிக்கெட்டும் கிடைக்காது.

எங்கள் வீட்டில் இப்போது சைகோன் பேச்சு ஓடுகிறது. இந்த முறை கணவர் மாளிகையையும் அருங்காட்சியகத்தையும் பற்றி வாயே திறக்கவில்லை. தாவோ தான் பூங்காவின் வரைபடத்தை அத்தை முன்னால் விரித்து வைத்து, விடியற்காலையில் அங்கே எந்தெந்தக் கூட்டம் என்னென்ன பயிற்சி செய்யும், உள்ளே ஒரு சுற்று எவ்வளவு தூரம் என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து துருவோங் தின் தெருவில் நேராக நடந்தால் மாரியம்மன் கோயில். "நடுவுல எத்தனை ரோடு தாண்டணும்?" என்று அத்தை கேட்டிருக்கிறார். அதைத்தான் இப்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.